பெம்பாவைக் கீழே இறக்கிய நாள்

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பெம்பா சப்பாத்து லேஸைக் கட்டக் குனிந்தார். முடியவில்லை. இரண்டு நுனிகளையும் பிடித்தபடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நடக்கச் சொன்னேன். குடித்தவர் போலத் தள்ளாடினார்.

பெம்பா எங்கள் கைடு. நேபாள மலைக் கிராமமொன்றில் பிறந்தவர். நான் ஆஸ்திரேலியாவில், பரமட்டாவிலுள்ள ஒரு ட்ரெக்கிங் நிறுவனத்தின் டூர் லீடர். சிட்னி, மெல்பேர்ன் ஆட்களைக் கிராமம் கிராமமாக நடத்தி, மேலேயுள்ள பழைய பௌத்த மடாலயத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை. அன்று பின்னேரம் அங்கே போய்ச் சேரவேண்டும்.

தலையிடி, தள்ளாட்டம், பேச்சில் குழறல். உயரம் மூளையைத் தாக்கத் தொடங்கிவிட்டதென்று அர்த்தம். உடனே கீழே இறக்காவிட்டால் ஆள் தப்பமாட்டார். மலையில் பிறந்தவருக்கு இது எப்படி வந்தது? குளிர்காலம் முழுவதும் அவர் உயரம் குறைந்த காத்மண்டுவில் இருந்திருக்கிறார். எங்கள் பழைய கைடு காய்ச்சலில் படுத்ததால், முந்தின நாள்தான் அலுவலகம் இவரை ஹெலிகொப்டரில் நேரே எங்களிடம் அனுப்பியிருந்தது. உயரத்துக்கு உடம்பைப் பழக்கும் ஓய்வு நாட்கள் எங்களுக்கு இருந்தன, அவருக்கு இல்லை.

மிச்சமிருந்தவர் ஒரு உதவிக் கைடு மட்டும். அவர் பெம்பாவுடன் போனால் எங்களுக்கு ஆளில்லை. எல்லோரும் இறங்குவோம் என்றேன்.

மெல்பேர்னிலிருந்து வந்த ராகவனுக்கு அது பிடிக்கவில்லை. "அவங்க ரெண்டு பேரும் இறங்கட்டும். பாதைதான் ஜிபிஎஸ்ல இருக்கே, நாம மேல போயிடலாமே?"

"மேல உங்களுக்கும் இப்பிடி வந்தா, நான் தனிய எப்பிடித் தூக்கிறது?"

அவர் ஜிபிஎஸ்ஸைப் பைக்குள் போட்டார்.

வதனி அன்ரிக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து வந்தவர். கணவர் சிங்கள பௌத்தர், போன வருடம் காலமானார். அந்த மடாலயத்தில் அவருக்கு விளக்கேற்றத்தான் வந்திருந்தார்.

"நாளைக்குத்தான் அவற்ர ஆண்டுத் திவசம். இதுக்காகத்தானே தம்பி இவ்வளவு தூரம் வந்தனான்?"

"ஓம் அன்ரி, தெரியும். ஆனா பெம்பா இப்பவே இறங்கோணும்."

அன்ரி பையைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் இறங்கினார்.

பெம்பாவை வாடகைக் குதிரையொன்றில் ஏற்றினோம். தனக்கு ஒன்றுமில்லை, அலுவலகத்துக்குச் சொல்லவேண்டாம், சீசன் வேலை போய்விடும் என்று குழறியபடியே வந்தார். கீழ்க் கிராமத்தை நெருங்கும்போது பேச்சுத் தெளிந்தது. அங்கே சூப் கேட்டுக் குடித்தார்.

மறுநாள் அந்தக் கிராமத்துச் சின்ன பௌத்த விகாரையைத் திறந்துவிட்டார்கள். வதனி அன்ரி வெண்ணெய் விளக்கொன்று ஏற்றினார்.

"இது நான் நினைச்ச இடமில்லை," என்றார் வெளியே வந்து. கொஞ்சம் பொறுத்து, "பெம்பா எப்பிடி இருக்கிறார்?" என்றார்.

"எழும்பி நடக்கிறார், அன்ரி."

தேநீர்க் கோப்பையுடன் போய்ப் பெம்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ராகவன் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"கஸ்டமர் மேல போகேல்லை. ரிப்போர்ட்டில நான் என்னத்தை எழுதிறது?"

"கைடை ஹெலிகொப்டரில நேரா மேல அனுப்பினதை எழுதுங்கோ."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பெம்பாவின் வேலை போகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாடிக்கையாளரின் உடம்பைப் பற்றி எல்லோரும் விசாரிப்பார்கள். நான் முதலில் கைடைத்தான் கேட்பேன்: "போன கிழமை எந்த உயரத்தில தங்கியிருந்தனீங்கள்?" பதில் சரியில்லாவிட்டால் புறப்படுவதில்லை.