யார் ஜெயித்தது?

உத்தமபாளையம் பக்கம் பன்னீர் திராட்சை பழுத்துவிட்டால், குருவி விரட்டுவதற்குத் தோட்டங்களில் வெடி போடுவார்கள். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் வீட்டை ஒட்டியிருந்த மாமா தோட்டத்தில் மட்டும் அது நின்றுபோனது. அப்பா பட்டாளத்தில், காஷ்மீர் எல்லையில் இருந்தார். அங்கே தினமும் சண்டை. இங்கே ஒரு வெடி வெடித்தால், அம்மா கைவேலையை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுவாள். அதனால் மாமா தகர டப்பாவைத் தட்டினார். குருவிகள் அதைக் கச்சேரி என்று நினைத்து உட்கார்ந்து தின்றன. நானோ, எங்கப்பா ஜெயித்துவிட்டுத்தான் வருவார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் டிவியில் செய்தி வந்தது. இரண்டு ராணுவத்து அதிகாரிகளும் போனில் பேசி, இனிமேல் சுடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்களாம். அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அண்ணே, இனி நீ வெடி போட்டுக்க" என்றாள்.

"மாப்பிள்ளை மொதல்ல வந்து சேரட்டும் ஆத்தா" என்றார் மாமா.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. யார் ஜெயித்தது என்று டிவிக்காரர்கள் சொல்லவே இல்லை.

ஒரு மாதம் கழித்து அப்பா லீவில் வந்தார். திராட்சைப் பந்தலுக்கடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். இலைகளுக்கிடையே விழுந்த வெயில் அவர்மேல் மெல்ல நகர்ந்தது. மேலே குருவிகள் பழம் கொத்திக்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் படுத்து, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"யாருப்பா ஜெயிச்சது?"

பாதித் தூக்கத்தில் பேசுகிறவர் போல அப்பா சொன்னார்: "அது தெரியல ஆத்தா. சுடுறது நின்ன மறுநா காலையில எதிர்ப்பக்கத்துக்காரன் ஒருத்தன் வெளிய வந்து, சட்டையத் தொவச்சுக் காயப்போட்டான். அதுவரைக்கும் அவன் தலையக்கூட நான் பாத்ததில்ல. வழுக்கை, ஒங்க மாமா மாதிரி."

"நீங்க என்ன செஞ்சீக?"

"நானும் தொவச்சுப் போட்டேன். ரெண்டு சட்டையும் காயிறதப் பாத்துக்கிட்டே இருந்தோம், அவன் அங்கன, நான் இங்கன."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கோ மானம் போயிற்று.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். எங்கப்பாதான் ஜெயித்தார், எதிரி தலைதெறிக்க ஓடினான் என்று அளந்துவிட்டேன். சட்டை காயப்போட்டதைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் அப்பாவைக் கேலி செய்வார்களே என்று பயமாக இருந்தது.