அப்பாவுக்குப் பால் கொடுத்தவள்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் நிற்கிறேன். சுவரில் மாட்டிய மரச்சட்டத்துக்குள், செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட பழைய ஐரோப்பியப் படம். சிறையில் சங்கிலியோடு கிடக்கும் கிழவருக்கு ஓர் இளம்பெண் பால் கொடுக்கிறாள்.

"இன்னா படம் சார் இது? பாக்கறவங்கல்லாம் சிரிச்சிகினு போறாங்க" என்கிறாள் கடைக்காரப் பெண்.

ரோமாபுரிக் கதை என்கிறேன். கிழவர் அந்த இளம்பெண்ணின் அப்பா. பட்டினி கிடந்து சாக வேண்டும் என்பது அவருக்குத் தண்டனை. பிள்ளை பெற்றிருந்த மகள், பார்க்க வரும்போதெல்லாம் தன் பாலைக் கொடுத்தே பிழைக்க வைத்தாள். அதை அறிந்த அதிகாரிகள் மனமிளகி அவரை விடுவித்தார்கள்.

அவள் படத்தையே பார்க்கிறாள்.

"எங்க நைனா வாதம் வந்து உள்ள பட்த்துகினு கீறாரு சார். நான் ஊட்டுனா வெக்கப்பட்டுகினு வாயே தொறக்க மாட்டாரு. நேத்திலேர்ந்து வெறும் தண்ணிதான்."

படத்தைக் கழற்றிக்கொண்டு பின்னறைக்குப் போகிறாள். "நைனா, இத்தப் பாரேன். இந்தப் பெரியவரு பொண்ணுகிட்ட வெக்கப்பட்டாரா?" என்று கதையைத் தொடங்குகிறாள்.

மின்விசிறி விலை கேட்டு வந்தவரை நான் பொறுக்கச் சொல்கிறேன். நெடுநேரம் கழித்து, உள்ளே கரண்டி கிண்ணத்தில் உரசும் சத்தம் கேட்கிறது.