ஜசிந்தா ரீச்சரின் விராலி

இலையை நடுநரம்போடு மடித்து, ஆட்காட்டி விரலின்மேல் வைத்து அகலம் பார்த்த பிறகுதான் ஜசிந்தா ரீச்சர் எதிரே நிற்கிற ஆளைப் பார்ப்பார். தெருவிலும் அப்படித்தான், செத்தவீட்டுப் படலையிலும் அப்படித்தான். விராலிப் பற்றை கண்ணில் பட்டால் கை தானாகப் போய்விடும். அந்த இலையில் ஒரு பசை உண்டு. அவர் திருத்தித் தரும் விடைத்தாள்களின் மூலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் கோபிப்பதில்லை.

எங்கள் தீவில், கரம்பொனில் அவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். அதே பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு. மழை வருமா, சம்பளம் வருமா, சண்டை வருமா, எதைக் கேட்டாலும் "இப்ப சொல்ல ஏலாது" என்பார். கணவர் சில்வெஸ்ரர் கடற்தொழிலாளி. கடலுக்குத் தடை விழும் நாட்களில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார். "கலியாணத்துக்குக் கேட்டபோதும் உந்தப் பதிலைத்தான் சொன்னவ," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

விராலி விவகாரம் மலைநாட்டு அப்புத்தளையில் தொடங்கியது. வேலை கிடைத்த புதிதில் ரீச்சர் அங்கே படிப்பித்தார். மலைச்சரிவில் கட்டைவிரல் அகலத்தில் இலைவிட்டு நின்ற ஒரு செடியை, என்னவென்று தெரியாமலே பல மாதம் கடந்து போயிருக்கிறார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது இலை கையில் ஒட்டியது. மணந்து பார்த்தார். ஊரில், உப்புக்காற்றில், வேப்பிலையிலும் ஒடுங்கிய இலையோடு நிற்கும் அதே விராலி.

"குளிரும் ஈரமும் இருக்கிற இடத்தில இலை அகலும். காஞ்ச இடத்தில தண்ணியை விடாமல் ஒடுங்கும். அது தெரிஞ்ச விசயம்," என்றார் என்னிடம். "ஆனால் அந்த ஒடுக்கம் காத்து செய்யிறதோ, விதைக்குள்ளயே கிடக்கிறதோ? அதுதான் எனக்குத் தெரியவேணும்."

சண்டை ஓய்ந்து 2002இல் பாதை திறந்ததும் பஸ் ஏறி அப்புத்தளைக்குப் போய் விதை கொண்டுவந்தார். சுடுநீரில் ஊறவைத்து, வீட்டு முன்வேலியோரம், சோளகக் காற்று நேரே வந்து அறையும் இடத்தில் போட்டார்.

"நல்ல தண்ணி குடிச்சு வளந்த சாதி. இஞ்சத்த உவருக்கு நிக்காது, பாரும்," என்றார் சில்வெஸ்ரர். ஆனாலும் கோடையில் வாளி சுமந்தது அவர்தான்.

நின்றன. முதல் இலைகள் மலையில் போல அகன்றே வந்தன. பிறகு வந்தவை ஒடுங்கின. ஆனால் தீவு விராலியின் அளவுக்கு இல்லை.

"பாதி காத்து, பாதி விதை போல கிடக்கு," என்றார் ரீச்சர். "இதுகளின்ர விதையில முளைக்கிறது எப்பிடி வருதெண்டு பாத்தால்தான் மிச்சம் தெரியும்."

சண்டை திரும்பிய 2006இல்தான் நிறையக் காய்த்தன. சிறகு வைத்த காய்கள் சிவக்கத் தொடங்கிய வாரத்தில், தெருவோர இராணுவக் காவலரணிலிருந்து ஓர் இளம் சிப்பாய் வந்தான். வேலியோரம் முழங்காலுக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாதாம். கொச்சைத் தமிழில் சொன்னான்.

"ரெண்டு கிழமை விடுங்கோ தம்பி. காய் முத்தட்டும்," என்றார் ரீச்சர்.

"சாப்பிடுறதா?"

"இல்லை. விதைக்கு."

அவன் செடியைப் பார்த்தான். "இது காட்டுச் செடிதானே, மிஸ்."

"ஓம். காட்டுச் செடிதான்."

 இருட்டுமுன் வெட்டிவிடச் சொல்லிவிட்டு அவன் போனான். சில்வெஸ்ரர் கத்தியை எடுத்துவந்தார். ரீச்சர் அதை வாங்கிக்கொண்டார். அடியோடு வெட்டவில்லை. தன் முழங்காலைப் பார்த்துப் பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே, ஒவ்வொன்றாக வெட்டினார். முத்தாத காய்களைப் பனையோலைக் கடகத்தில் சேர்த்தார். பின்னர் விதைத்தும் பார்த்தார், ஒன்றும் முளைக்கவில்லை.

அடுத்த மாதம் அந்தத் தெரு வீடுகளையே விட்டு வெளியேறச் சொன்னார்கள். நாரந்தனையில் சில்வெஸ்ரரின் தங்கை அந்தோனியம்மா ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார். சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். கட்டிலையும் அலுமாரியையும் எடுக்க முடியவில்லை. ரீச்சர் படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டார். அழவில்லை.

"இவ்வளவு வருசம் என்ன கண்டனீர் எண்டு ஆரும் கேட்டால், அரைவாசிதான் எண்டு சொல்லுவன்," என்றார்.

இப்போதும் அந்தத் தெருவால்தான் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிறோம். அந்தத் துண்டில் இறங்கவோ நிற்கவோ கூடாது. மாரி பெய்து ஓய்ந்த ஒரு காலை, வெட்டுப்பட்ட கட்டைகளில் பச்சை தெரிந்தது.

"ரீச்சர், தளிர்த்திருக்கு," என்றேன், பின்னால் என் சைக்கிளிலிருந்து.

 இலை அகலமா ஒடுக்கமா என்பது தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. வேலி நெருங்கியதும் ரீச்சர் பெடல் மிதிப்பதை நிறுத்தினார். காவலரணைத் தாண்டும்வரை சைக்கிள் தன்பாட்டில், மெல்ல மெல்ல உருண்டது.