மகளின் கையெழுத்தைத் திருத்தப் போனேன்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் சொல்லவில்லை, சுரங்கத்தில் எங்கள் ஷிப்டே சொல்லும். நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட் எத்தனை மணிக்கு நின்றது, ஏன் நின்றது என்று லாக் புக்கில் நான் எழுதிவைத்தால், அடுத்த ஷிப்ட்காரன் ரசித்துப் படித்துவிட்டுத்தான் வேலையில் இறங்குவான். அப்பேர்ப்பட்ட மகானுக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு மகள். அவள் எழுத்து கோட்டுக்கு மேலே பாதி, கீழே பாதி. போர்டைப் பார்த்து எழுதச் சொன்னால் நடுவில் இரண்டு வரியைக் காணோம்.

"திமிருங்க சார். வேணும்னே விடுறா" என்றார் வகுப்பு ஆசிரியை.

நான் சும்மா விடுவேனா? ஷிப்ட் முடிந்து வந்ததும் நாலு கோடு நோட்டில் தினம் ஐந்து பக்கம். கோடு தப்பினால் விரல் முட்டியில் ஸ்டீல் ஸ்கேல் அடி. இரண்டு மாதத்தில் நல்ல பலன் கிடைத்தது. எழுத்து அப்படியேதான் இருந்தது. பென்சிலைப் பார்த்தாலே அவளுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது.

கண்ணில் கோளாறோ என்று காட்டிய கண் டாக்டர், பார்வையில் குறையே இல்லை என்றார். எனக்கு ஒரே குஷி, திமிர்தான் என்பது உறுதியாகிவிட்டதே. மனைவிதான் கேட்காமல், வடலூரில் குழந்தைகளுக்குத் தெரபி தரும் ஒரு பெண்மணியிடம் எங்களை இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த அம்மாள் நோட்டைத் திறக்கவே இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்த படங்களைக் காட்டி, "இதுல குடை எங்க இருக்கு?" என்றார். மகள் தேடிக்கொண்டே இருந்தாள். எனக்கு மானம் போனது. இப்படியே ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"வீடு மாறிப் போவாளா?"

சிரித்துவிட்டேன். "டவுன்ஷிப்ல அது சகஜங்க மேடம். எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. ஸ்கூல் வேன்ல எறங்கி நேரா பக்கத்து வூட்டுக்குப் போயிடுவா. பிளாக்கே சிரிக்கும்."

"உங்க வீட்டுக்குன்னு அடையாளம் எதுவும் இல்லையா?"

"வாசல்ல பெரிய பலா மரமே இருக்குதுங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அவ்வளவு பெரிய மரம் இருந்தும் அவள் வீடு மாறிப் போகிறாள். இத்தனை வருடம் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"கண்ணு நல்லாத் தெரியுது. பாக்குறதுல எது எங்க இருக்குன்னு பிரிச்சு எடுக்கத்தான் சிரமப்படுறா. போர்டுலேருந்து நோட்டுக்கு வர்றதுக்குள்ள இடம் தவறிடுது. பழக்கிடலாம். பக்கம் பக்கமா எழுத மட்டும் வைக்காதீங்க" என்றவர், மகளிடம் குனிந்து, "உம்மேல தப்பே இல்ல தங்கம்" என்றார்.

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"அத எழுதிக் குடுங்க ஆன்ட்டி. அப்பா அடிக்க வந்தா காட்டணும்."