அழுக்கு வண்டியில் போன குள்ளச்சி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என் மகளுக்குக் கூட்டாளி குள்ளச்சி. புருஷன் அறைந்து அவளுக்கு ஒரு காது செவிடாகிவிட்டது. வேலை முடிந்ததும் இழுத்துப்போக அவன் வாசலிலேயே நிற்பான்.

வெளுத்தும் ரத்தக்கறை போகாத விரிப்புகளை வண்டியில் தள்ளிப்போய்ப் பின்தெருவில் எரிப்பது அங்கே வழக்கம். அன்று என் மகள் அந்த வண்டிக்குள் குள்ளச்சியை உட்காரவைத்து, மேலே விரிப்புகளைப் போட்டு மூடி, அவன் முன்னாலேயே தள்ளி வந்தாள்.

"எங்கடி அவ?"

"உள்ள துணி அலசுறா. சும்மாதான நிக்கிறீங்க, இதைக் கொஞ்சம் தள்ளுங்கண்ணே."

"ச்சீ, நாத்தம்!" என்று விலகிக்கொண்டான். கைக்கு இல்லாத கூச்சம் மூக்குக்கு இருந்தது.

குள்ளச்சி பின்தெருவிலிருந்தே பஸ் ஏறிப் போய்விட்டாள். அவன் இப்போது கத்தியோடு வந்து எங்கள் கதவைத் தட்டுகிறான். தட்டட்டும். அவள் இருக்குமிடம் எங்கள் இருவருக்கும் தெரியும், சொல்லமாட்டோம்.