தொண்டைக்குள் ஒரு ரயில்வே கேட்

போன மாதம் ஒரு மடக்கு டீ என் அண்ணனை மறுபடியும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது. டீயில் ஒரு குறையும் இல்லை. இஞ்சி தட்டிப் போட்ட நல்ல டீதான்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் உங்களைச் சிரிக்கவைக்க ஏதாவது முயற்சி செய்வேன். இந்த வாரம் விட்டுவிடுங்கள். அலுப்பாக இருக்கிறது.

அண்ணன் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். படாளத்தில் வீடு. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய், பேச்சு மட்டும் குழறலாகக் கொஞ்சம் திரும்பியது. விழுங்குவது திரும்பவே இல்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு ட்யூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஞ்சி, தண்ணீர், மாத்திரை எல்லாம் அதில்தான். அண்ணிக்கு மூட்டுவலி. அதனால் நான் செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய்க் காவல் காக்கிறேன்.

எதற்குக் காவல்? பார்க்க வருகிறவர்களுக்குத்தான்!

உடம்பு முடியாதவரைப் பார்க்க நம் ஊரில் யாராவது வெறுங்கையோடு வருவார்களா? செய்யூர்ச் சொந்தங்கள் கடலை உருண்டையோடு வந்தார்கள். மாமல்லபுரத்திலிருந்து இளநீர் வந்தது. சரி, வைத்துவிட்டுப் போகலாம் அல்லவா? மாட்டார்கள். “ஒரே ஒரு வாய்...” என்று ஆரம்பிப்பார்கள். “தண்ணியாதானே கீது, சர்ருனு எறங்கிடும்” என்பார்கள்.

இறங்கும். எங்கே இறங்கும் என்பதுதான் கேள்வி.

வாயில் போடுவது நேராக வயிற்றுக்குப் போகிறது என்றுதான் இவ்வளவு வயது வரை நானும் நினைத்திருந்தேன். விழுங்கப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் பெண்தான் படம் போட்டுக் காட்டினார். மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் அதற்குப் பின்னால். இரண்டுக்கும் வாசல் தொண்டையில், பக்கத்தில் பக்கத்தில்.

“ரயில்வே கேட்னு வெச்சுக்கோங்க சார். முழுங்கும்போது மூச்சுக்குழாய் மேல ஏறி மூடிக்கும். சாப்பாடு தாண்டினதும் தொறந்துக்கும். உங்க அண்ணனுக்குக் கேட் போட லேட்டாவுது. கெட்டியா இருந்தா மெதுவா வரும், சமாளிக்கலாம். தண்ணி, டீ எல்லாம் கேட் போடுறதுக்குள்ள பாஞ்சிடும்.”

இப்படி ஒரு ஜங்ஷனுக்கு பிளான் போட்ட இன்ஜினீயர் யாரோ... ஜி.எஸ்.டி. ரோட்டில்கூட இதைவிட நல்ல ஜங்ஷன் இருக்கிறது.

அன்று நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். அண்ணி சமையலறையில். அந்த நேரம் பார்த்து கோவளத்திலிருந்து காதர் பாய் வந்தார். அண்ணன் ஓட்டிய பஸ்ஸில் வருஷக்கணக்காக கண்டக்டராக இருந்தவர். முதல் டிரிப்புக்கு முன்னால் ஒரே டீயை இருவரும் பாதிப் பாதி குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தார்.

நான் திரும்பி வந்தபோது அண்ணன் இருமிக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. மறுநாள் காய்ச்சல். டீ நுரையீரலுக்குள் போயிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து காதர் பாயைக் கிழி கிழி என்று கிழித்தேன்.

“திட்டு தம்பி, நல்லா திட்டு. ஆனா படுத்துகினு என் மூஞ்சியவே பாக்குறாரு. ஒரு வாய் டீ ஆசையோட போய்ச் சேந்துட்டார்னா, அப்பறம் நான் இன்னா பண்ணுவேன் சொல்லு?”

ஆசையோடு போய்விடக் கூடாது என்று கொடுக்கிறோம். கொடுத்தால்தான் போய்விடுவார்! என்ன செய்வது... அன்பை வாய் வழியாகச் செலுத்தித்தான் நமக்குப் பழக்கம். வேறு வழி தெரியாது. எனக்கும் அதற்கு மேல் கோபப்படத் தெம்பில்லை. பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காய்ச்சல் இறங்கியது. விழுங்கும் டெஸ்ட் ஒன்று பார்க்கலாம் என்றார் டாக்டர். தேறினால் மூக்கிலிருந்து ட்யூபை எடுத்துவிடலாம். தேறாவிட்டால் வயிற்றில் துளை போட்டு, நிரந்தரமாக அங்கே ட்யூப். இனி வாயில் எதுவும் கிடையாது. அண்ணன் இடது கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டார். அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை டெஸ்ட். காதர் பாயும் வந்திருந்தார், வாழ்க்கையில் முதல்முறையாக வெறுங்கையோடு.

அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் குனியச் சொன்னார் தெரபிஸ்ட். கெட்டியான கேழ்வரகுக் கூழ், அரை ஸ்பூன். “முழுங்குறதுல மட்டும் கவனம் வைங்க. பேசக் கூடாது.”

தொண்டைக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை. காதர் பாய் தன் எச்சிலை விழுங்கிக் காட்டினார். பிறகு குமிழ் மெல்ல மேலே ஏறியது... இறங்கியது. இருமல் வருமா? வரவில்லை. “ஆ சொல்லுங்க.” குரலில் கரகரப்பு இல்லை; கூழ் தப்பான வழியில் போகவில்லை. இன்னொரு ஸ்பூன். இன்னொன்று.

“கேட் மூடுது சார்” என்றார் அந்தப் பெண். காதர் பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஸ்பூன் வாய்க்கு அருகே வந்தது. அண்ணன் இடது கையால் அதை ஒதுக்கினார். என்னையே பார்த்தார்.

“டேய்... நீ சாப்ட்டியா?”

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

“சாப்பிடும்போது பேசக் கூடாதுனு சொன்னேன்ல?” என்று தெரபிஸ்ட் அவரை அதட்டினார்.

நான் பேசவில்லை. என் தொண்டையில் கேட் போட்டிருந்தது.