கார்குழலி கண்ட மஞ்சள்

மில் தொழிலாளி கண்ணையனின் மகள் கார்குழலிக்கு எதையும் மறக்கத் தெரியாது. அரியாங்குப்பத்தில் பஸ் ஏறி, பதினோரு வருஷமாகப் புதுச்சேரி ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு வேலைக்கு வருகிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள்தான் அதைப் பார்த்தாள். தண்ணீரில் நிறமே இல்லாமல் கிடக்கும் டெக்னீசியம் என்ற உலோகத்தின் உப்பு, அடர்ந்த கந்தக அமிலத்தில் விட்டதும் மஞ்சளாகிவிட்டது. உடனே நோட்டில் எழுதி வைத்தாள்.

ஆய்வுக்கூடத் தலைவர் பாலகுரு அதை வெறும் அழுக்கு என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கிழித்தார். "கண்ணாடிய ஒழுங்கா கழுவத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்கு ஆராய்ச்சி?" அன்றிலிருந்து அவளுக்குக் கழுவுகிற வேலைதான். ஆறே மாதத்தில் அதே மஞ்சள் பாலகுருவின் பெயரில் கட்டுரையாக வந்தது. அந்த வாயாலேயே ஒருநாள் ஒத்துக்கொள்ள வைக்கிறேன் என்று கார்குழலி கறுவினாள்.

இந்த ஐப்பசியில் அந்த மஞ்சளை நேரில் பார்க்கப் பேராசிரியர் பூர்ணிமா வருவதாக இருந்தது. செய்துகாட்டுவதற்கென்று பாலகுரு இரண்டு வாரம் முன்பே அகலமான கண்ணாடித் தட்டில் கொஞ்சம் அமிலத்தை ஊற்றி, மூடாமல் வைத்துவிட்டுப் போனார். அடர்ந்த அமிலம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். கடலோர ஊரில், அதுவும் அடைமழையில், கேட்கவே வேண்டாம். கார்குழலி தட்டின் வெளியே மார்க்கரால் ஒரு கோடு போட்டாள். மட்டம் கோட்டைத் தாண்டி ஏற ஏற அவளுக்குச் சோறு ருசித்தது. மூடி பக்கத்திலேயே இருந்தது. அவள் தொடவில்லை.

பூர்ணிமா வந்த அன்று பாலகுரு கையுறை மாட்டிக்கொண்டு, உப்புக் கரைசலைத் தட்டில் ஒரு சொட்டு விட்டார். நிறம் வரவில்லை. இன்னொரு சொட்டு விட்டார். அப்போதும் வெறும் தண்ணீர் மாதிரியே கிடந்தது.

"கண்ணாடி சரியா கழுவல போல சார்" என்றாள் கார்குழலி.

சீல் உடைக்காத அமிலப் புட்டியைத் திறந்து, சின்னக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி, அவளே ஒரு சொட்டு விட்டாள். பளிச்சென்று மஞ்சள்.

"தட்டுல இருந்தது ஈரம் குடிச்ச அமிலம் மேடம். அடர்த்தி கொறைஞ்சா மஞ்சள் வராது."

பூர்ணிமா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இத மொதல்ல யாரும்மா பார்த்தது?"

கார்குழலி பழைய நோட்டை எடுத்து வந்தாள். அவள் எழுதிய மஞ்சளின் குறுக்கே சிவப்பு மையில் 'அழுக்குக் கண்ணாடி, குப்பை' என்ற குறிப்பு. கீழே பாலகுருவின் கையெழுத்து, தேதி. அதை அவள் பூர்ணிமாவிடம் கொடுக்கவில்லை. பாலகுருவின் கையில் திணித்தாள்.

"சாரே படிக்கட்டும் மேடம். அவரு கையெழுத்துதான்."

பாலகுரு வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

"அன்னிக்கி எல்லாருக்கும் கேக்கறாப்பல சொன்னீங்களே" என்றாள் கார்குழலி. "சத்தமா படிங்க, சார்."